தென்காசிப் பகுதியில் செவ்வந்திச் சாகுபடி

செவ்வந்தியை அறியாத குடியானவர் நம் நாட்டில் இல்லை. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் ஆயுத பூஜைக்கும் இம்மலர் வேண்டியிருக்கிறது. ஆயினும் தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் தாலுகாக்களில் கிணற்றுப் பாசனமுள்ளவர்கள் பலர் மல்லிகையையும் பிச்சியையும் கேந்தியையும் நன்கு பயிரிட்டுப் பழகியிருந்தும், செவ்வந்தியில் மட்டும் ஒரு வருஷம் நல்ல லாபத்தையும் மறு வருஷம் நஷ்டத்தையும் காண நேரிடுகிறது. இதற்கு மண்ணையும் விதியையும் நொந்துகொள்வதைக் காட்டிலும், இச்செடியின் இயல்பை அறிந்துகொள்வது நன்று. கேந்தியைப்போல நினைத்த மாதத்தில் நட்டுப் பூவெடுக்கக் கூடிய பயிரன்று செவ்வந்தி. நடும் மாதத்திலேயே இதன் மகசூலில் பாதி நிர்ணயமாகி விடுகிறது. அதன் காரணத்தை விளக்குவதும், நமது பகுதியின் இருவகை மழைக்கும் ஏற்றவாறு சாகுபடியை அமைத்துக்கொள்ளும் முறையைக் கூறுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செடியின் வரலாறு

திருச்சிராப்பள்ளி மலைமேல் எழுந்தருளியுள்ள தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்றும் ஒரு பெயர் உண்டு. அத்தலத்தின் புராணத்துக்குச் செவ்வந்திப் புராணம் என்றே பெயர். இவ்வளவு நெருங்கிய உறவு நமக்கு இப்பெயரோடு இருப்பினும், இன்று நாம் பயிரிடும் செவ்வந்தியின் தாயகம் கிழக்கு ஆசியாவாகும். சீனத்தில் ஆயிரத்தைந்நூறு வருஷங்களுக்கு மேலாக இதனை வளர்த்து வருகின்றனர். அங்கிருந்து ஜப்பானுக்குச் சென்று, அந்நாட்டு அரச குலத்தின் சின்னமாகவே பதினாறு இதழ்களுடன் விளங்குகிறது. 1753-ஆம் வருஷத்தில் லின்னேயஸ் என்னும் தாவர நூல் ஆசிரியர் இவ்வினத்துச் செடியொன்றுக்கு இந்தியாவின் பெயரையே சேர்த்துப் பெயரிட்டமையால், இதை நம் நாட்டுச் செடியென்று பலரும் எண்ணுவது வியப்பன்று.

சூரியகாந்தியும் கேந்தியும் மரிக்கொழுந்தும் இதன் குடும்பத்தைச் சேர்ந்தவை. நாம் ஒரு பூவென்று கூறுவது உண்மையில் பல சிறு பூக்கள் ஒரு தட்டின்மேல் நெருங்கி அமைந்த கொத்தாகும். இலையைக் கசக்கினால் ஒருவகைக் காரமான மணம் வீசும். செடி ஒரு வருஷத்தோடு மடிந்து விடாமல், அடியிலிருந்து பக்கக் கன்றுகளை விட்டுப் பல வருஷம் வாழக் கூடியது. இக்கன்றுகளே நமக்கு விதை. இவ்வியல்பினால் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. அதைப் பின்னர்க் கூறுவோம்.

வெளிநாட்டுச் செடி நமது மலையடிவாரத்துக்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் ஜாதிக்காய், கிராம்பு முதலியவற்றைக் கொணர்ந்து தோட்டம் அமைத்தனர். எந்த ஊர்ச் செடியும் அதற்கேற்ற சூட்டையும் ஈரத்தையும் இங்கே காணுமானால் தழைக்கும். ஆனால் செவ்வந்திக்குச் சூடும் ஈரமும் மட்டும் போதா. அது வானத்தின் ஒளியையும் கணக்கிடுகிறது.

இரவை அளக்கும் செடி

தெருவிளக்கின் அருகே அமைந்த செவ்வந்திப் பாத்தியைச் சிலர் கவனித்திருக்கலாம். வயல் முழுவதும் மொட்டெடுத்து நிற்கையில், விளக்கடியிலுள்ள செடிகள் மாத்திரம் பசுமையாகத் தழைத்து, பூவின்றி நிற்பதுண்டு. எரு மிகுந்து விட்டதென்றும், கன்று வேறு ஜாதியென்றும் பழி கூறுவர். உண்மைக் காரணம் விளக்கேயாம்.

1920-ஆம் வருஷத்தில் கார்னர், அல்லார்டு என்ற இரு அமெரிக்க விவசாய ஆராய்ச்சியாளர்கள் புகையிலை, சோயா மொச்சை முதலிய செடிகளைக் கொண்டு, பகலின் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள தொடர்பை வெளியிட்டனர். செவ்வந்தி குறும்பகல் செடி. பகல் குறைந்து இரவு நீண்டால் இது மொட்டெடுக்கும்; பகல் நீண்டால் இலையும் கிளையும் விட்டுக்கொண்டிருக்கும். பகல் என்று பேச்சில் கூறினாலும், செடி உண்மையில் அளப்பது இடையறாத இருளையே. இலைகளே அவ்விருளை உணர்கின்றன. நடுநிசியில் சில மணி நேரம் விளக்கு எரிந்தால், நீண்ட இரவு இரண்டு குறுகிய இரவுகளாகப் பிரிந்து, செடி பூக்கும் எண்ணத்தைக் கைவிடுகிறது.

இவ்வறிவைக் கொண்டே இன்று பல நாடுகளில் கொய்மலர்ச் செவ்வந்தியை வருஷம் முழுவதும் பூக்கச் செய்கின்றனர். நம் மாகாணத்திலும் நீலகிரி, ஓசூர்ப் பகுதிகளில் பசுமைக் குடில் வைத்திருப்போர் இம்முறையைக் கையாளுகின்றனர். நட்ட பின் நான்கைந்து வாரம் நாளொன்றுக்கு 13 மணி நேரம் ஒளி கிடைக்குமாறு விளக்கெரித்துத் தண்டை நீளச் செய்து, பின்னர் 10 மணி நேர ஒளியும் 14 மணி நேர இருளும் தந்து மொட்டெடுக்கச் செய்வது வழக்கம். இது முதல் மிகுதியாக வேண்டிய தொழில். வெளிவயலில் உதிரிப்பூவுக்காகப் பயிரிடுவோர் விளக்கை நாடவேண்டியதில்லை. வானம் தரும் கணக்கை அனுசரித்தால் போதும்.

தென்காசியின் பகலும் இரவும்

டோக்கியோ நகரில் கோடையில் பகல் சுமார் 14½ மணி நேரம் நீள்கிறது. மழைக்குளிர் காலத்தில் 10 மணிக்கும் குறைந்து விடுகிறது. தென்காசியோ பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் அமைந்தது. இங்கே ஆனி மாதத்தில் மிக நீண்ட பகல் 12 மணி 40 நிமிஷத்தை எட்டுவதில்லை. மார்கழியில் மிகக் குறுகிய பகல் சுமார் 11 மணி 35 நிமிஷம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் பெறப்படும். ஒன்று: குளிர்ந்த வடநாடுகளில் உண்டாக்கப்பட்ட இரகங்களுக்கு நமது ஆனி மாதப் பகலும் குறும்பகலேயாகும். அவற்றை வாங்கி இங்கே நட்டால், செடி முழ உயரம் வருமுன்னரே மொட்டெடுத்து நின்றுவிடும். அல்லது நமது இரவின் வெப்பம் மிகுதியால் மொட்டு முதிராமல் தாமதப்படும். படத்தில் கண்ட பெரும்பூவை நம்பி வெளியூர்க் கன்றுக்குப் பணம் கொடுப்பது ஆகாது. நமது சமவெளிக்குப் பழகிய இரகங்களையே நாடவேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டவற்றில் கோ. 1, எம்.டி.யூ. 1 ஆகியவை மஞ்சள் நிறத்தன, கோ. 2 ஊதா நிறத்தது.

இரண்டாவது: பகலின் குறைவு சிறிதாயினும், பழகிய இரகங்கள் அதை உணர்ந்து, இரவு நீண்டு வெப்பம் தணியும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் மிகுதியாகப் பூக்கின்றன. அதற்குமுன் செடிக்குப் போதிய கிளை இருந்தால் ஒவ்வொரு கிளை நுனியிலும் பூ வரும். கிளை இல்லையேல் வானம் காத்திருக்காது. சித்திரையிலும் வைகாசியிலும் நட்ட செடிக்கு நான்கைந்து மாத வளர்ச்சி கிடைக்கிறது. கேந்தியை நடும் பழக்கத்தில் ஆடிக் கடைசியிலும் ஆவணியிலும் நட்ட செவ்வந்தி, இரவு நீளும்போது நான்கு கிளைகளோடு குட்டையாக நின்று, கூலிக்கும் காணாத பூவைத் தருகிறது. நட்டம் அடைந்தோரில் பலர் இத்தவறு செய்தவர்களே.

ஓணப் பண்டிகைக்காக மலையாள வியாபாரிகள் ஆவணியில் நம் பக்கம் பூவுக்கு வருவது தெரிந்ததே. அதற்கேற்ற பயிர் நட்ட இரண்டு மாதத்தில் பூக்கும் கேந்தி. செவ்வந்தியின் முழு விளைச்சல் அதற்குப் பிந்தியே வரும். ஆனால் இதன் காலம் கார்த்திகைத் தீபம், மார்கழி வழிபாடு, தை முகூர்த்தங்கள் ஆகியவற்றோடு ஒத்துவருகிறது. சபரிமலை யாத்திரீகர்கள் குற்றாலத்தில் நீராடி, செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகச் செல்வதும் அம்மாதங்களிலேயே. ஆகவே கேந்தியை ஓணத்துக்கும் செவ்வந்தியைக் கார்த்திகைக்கும் எனப் பிரித்துப் பயிரிடுவதே விவேகம்.

நிலமும் வடிகாலும்

நமது பகுதிக்கு இரு மழைகள். ஆனி, ஆடியில் மலையடிவார ஊர்களில் சாரல் பொழிகிறது. கிழக்கே ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கம் செல்லச் செல்லச் சாரல் குறைந்து காற்றே மிகுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை எங்கும் கொட்டுகிறது. அதாவது, இளம் செடி சாரலிலும், மொட்டெடுத்த செடி பெருமழையிலும் நிற்கவேண்டியிருக்கிறது. செவ்வந்தியோ ஒரு நாள் நீர் தேங்கினாலும் வேர் அழுகக் கூடியது. இப்பயிருக்கு நமது ஊரில் முதற் சத்துரு வறட்சியன்று, தேங்கும் நீரேயாம்.

ஆதலால் காரும் பிசானமும் விளையும் நன்செய் வயல் இதற்கு உதவாது. வடிகாலுள்ள செம்மண் தோட்டக்கால் நிலமே ஏற்றது. மண்ணின் கார அமிலக் குறி 6 முதல் 7 வரை இருப்பது நலம். சித்திரை முதலில் கிடைக்கும் கோடை மழையில் நன்கு புழுதியாக உழுது, ஏக்கருக்கு 10 டன் மக்கிய தொழு உரம் இட்டு, 30 சென்டிமீட்டர் இடைவெளியில் பார் பிடிக்கவேண்டும். நிலத்தின் தாழ்ந்த முனையில் ஒரு வடிகாலை நடுவதற்கு முன்பே வெட்டி வைக்கவேண்டும். ஐப்பசியில் மழை கொட்டும்போது மண்வெட்டியோடு ஓடுவதால் பயனில்லை. கிழக்குப் பக்கத்து ஊர்களில் ஆனிக் காற்றைத் தடுக்க மேற்கு வரப்பில் அகத்தி அல்லது சோளம் இரண்டு வரிசை விதைப்பது நன்மை தரும்.

கன்று எடுக்கும் முறை

முன்னர்ச் சொன்ன நன்மையும் தீமையும் இங்கேதான் உள்ளன. பக்கக் கன்றை நடுவதால் தாயின் குணம் மாறாமல் வருகிறது. விதைச் செலவு இல்லை. ஆனால் தாயின் வேரிலிருந்த நோயும் கன்றோடு கூடவே வருகிறது. பூவெடுத்து ஓய்ந்த வயலில், எஞ்சிய மூலையிலிருந்து கன்று பிடுங்கி நடும் வழக்கம் பலரிடம் உண்டு. வாடிய செடியின் கன்றை வாங்கி நடுகிறவர், அடுத்த வருஷத்து நஷ்டத்தை விலை கொடுத்து வாங்குகிறார்.

செய்யவேண்டியது இதுவே. மார்கழியில் வயல் முழுதும் பூத்திருக்கும்போதே நடந்து பார்த்து, நோயற்று மிகுதியாகப் பூத்த செடிகளுக்கு ஒரு கயிறு கட்டி அடையாளமிடவேண்டும். பூ ஓய்ந்தபின் அவற்றை மட்டும் தரையையொட்டி அறுத்து, அல்லது வேரோடு பெயர்த்து வேறொரு மேட்டுப் பாத்தியில் வைத்து, அளவாக நீர் விட்டு வந்தால், மாசி, பங்குனியில் அடியிலிருந்து கன்றுகள் வரும். வேர்விட்ட கன்றுகளைச் சித்திரையிலும் வைகாசியிலும் பிரித்து நடலாம். கன்று போதாவிடின் கொழுந்து நுனியை இரண்டு, மூன்று அங்குல நீளம் வெட்டி மணலில் ஊன்றி வேர்விடச் செய்யலாம்.

பாரின் ஒரு பக்கத்தில் செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் விட்டு நடவேண்டும். இக்கணக்கின்படி ஏக்கருக்குச் சுமார் 45,000 கன்றுகள் வேண்டும். முதன்முறை பயிரிடுவோர் பத்து சென்டில் 4,500 கன்றுகளோடு தொடங்குவதே உத்தமம். அடுத்த வருஷத்துக்கு வேண்டிய கன்று அதிலிருந்தே கிடைக்கும். வியாபாரியின் பழக்கமும் உண்டாகும்.

உரம், நீர், நுனி கிள்ளுதல்

அடியுரமாக ஏக்கருக்குத் தழைச்சத்து 25 கிலோ, மணிச்சத்து 48 கிலோ, சாம்பல்சத்து 10 கிலோ இடவேண்டும். யூரியா 54 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 300 கிலோ, மியூரியேட் ஆப் பொட்டாஷ் 17 கிலோ ஆகியவற்றில் இச்சத்துக்கள் அடங்கும். நட்ட முப்பதாம் நாள் மீண்டும் 25 கிலோ தழைச்சத்தை மேலுரமாக இட்டு மண் அணைக்கவேண்டும். மண் பரிசோதனை செய்தவர்கள் அதன்படி இவ்வளவைக் குறைத்துக்கொள்ளலாம். இதற்கு மேல் தழைச்சத்தை வாரி இறைத்தால் இலை பருத்து, அசுவினியும் இலைப்பேனும் மொய்க்குமே ஒழியப் பூ கூடாது.

முதல் மாதம் வாரத்துக்கு இருமுறையும், பிறகு வாரத்துக்கு ஒருமுறையும் நீர் பாய்ச்சினால் போதும். சாரல் விழும் வாரங்களில் மண்ணைக் கையால் பிடித்துப் பார்த்து, ஈரமிருந்தால் பாய்ச்சலை நிறுத்திவிடவேண்டும். கிணற்றில் நீர் நிறைந்திருக்கிறது என்பதற்காகப் பாய்ச்சுவது கெடுதல்.

நட்ட நான்கு வாரம் கழித்து ஒவ்வொரு செடியின் நுனிக் கொழுந்தையும் விரலால் கிள்ளிவிடவேண்டும். வளரும் செடியை முறிப்பதாகப் பலர் இதற்கு மனம் ஒப்புவதில்லை. ஒரு நுனியை இழந்த செடி பக்கத்தில் பல நுனிகளை விடும். பூப்பது நுனியிலாதலால், கிளை பெருகப் பூ பெருகும். ஐயமுள்ளவர் இரண்டு பாரைக் கிள்ளாமல் விட்டு, கார்த்திகையில் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

நோயும் பூச்சியும்

இலை மஞ்சளித்துச் செடி நடுப்பகலில் வாடி, பிடுங்கினால் வேர் கறுத்து வருமாயின் அது வேரழுகல். அச்செடியை மண்ணோடு அகற்றி எரித்துவிட்டு, சுற்றியுள்ள செடிகளின் அடியில் லிட்டர் நீருக்கு 2½ கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கரைத்து ஊற்றவேண்டும். நோய் கண்ட பாத்தியிலிருந்து பாயும் நீரை மறு பாத்திக்கு விடலாகாது. அந்நிலத்தில் அடுத்த இரண்டு வருஷம் செவ்வந்தியை ஒழித்து, சோளமோ சிறுதானியமோ பயிரிடுவது நலம்.

மழை நாட்களில் அடி இலைகளில் கரும்புள்ளி தோன்றினால், அவ்விலைகளைக் கிள்ளி அழித்துக் காற்றோட்டம் உண்டாக்கவேண்டும். அசுவினிக்கும் இலைப்பேனுக்கும் தொடக்கத்திலேயே வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பது போதுமானது. பூவெடுக்கும் காலத்தில் கடு மருந்துகளைத் தெளித்தால், பறிக்கும் பெண்களின் கைகளையும், தொடுப்பவர் கைகளையும் அது சேரும் என்பதை மறத்தலாகாது.

பூ எடுத்தலும் விற்பனையும்

நட்ட நான்காம் மாதத்திலிருந்து பூ வரத் தொடங்கும். முழுதும் விரிந்த பூவைக் காலை வேளையில் பனி உலர்ந்தபின் பறிக்கவேண்டும். ஈரப் பூவைச் சாக்கில் திணித்தால் சந்தை சேருமுன் நடுவில் புழுங்கிக் கறுக்கும். மழை நாளில் பறித்த பூவை நிழலில் ஓலைப்பாயில் பரப்பி ஆறவைத்த பின்பே கட்டவேண்டும். எடை கூடுமென்று நீர் தெளிப்பவர், ஒரு நாள் எடையைப் பெற்று ஒரு வருஷ வாடிக்கையை இழப்பர். மல்லிகையைப்போல அன்றே வாடாமல் செவ்வந்தி ஓரிரு நாள் தாங்குவதால், சங்கரன்கோவில் சந்தையில் விலை இறங்கினால் தோவாளைக்கோ, புளியரை வழியாக மலையாளத்துக்கோ அனுப்ப அவகாசமுண்டு.

நன்கு பராமரித்த நடவுப் பயிரில் ஏக்கருக்கு 8 டன் வரையும், பூவெடுத்தபின் அறுத்துவிட்டு உரமிட்ட மறுதாம்புப் பயிரில் 4 டன் வரையும் எதிர்பார்க்கலாம். நடவுப் பயிர் ஆறு முதல் எட்டு மாதமும், மறுதாம்பு நான்கு மாதமும் நிற்கும். நோய் கண்ட வயலில் மறுதாம்பு விடுவது நோயை வளர்ப்பதேயாம். ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் நட்டு ஒரே வாரத்தில் பறித்தால் விலை வீழ்வது திண்ணம். சித்திரை பிற்பகுதியில் பாதியும் வைகாசியில் பாதியும் நட்டால் பறிப்பும் கூலியும் பரவலாகும்.

கிராம அதிகாரிகளுக்கு

இப்பயிரில் கிராம அதிகாரிகள் செய்யக் கூடிய உதவிகள் இரண்டு. சித்திரை, வைகாசியில் நட்ட செவ்வந்தி, ஜூலை முதல் தேதி பிறக்கும் புதுப் பசலியிலும் வயலில் நிற்கிறது. பழைய பசலியின் அடங்கலில் எழுதியாயிற்று என்று விட்டுவிடாமல், புதுப் பசலியிலும் சர்வே எண், விஸ்தீரணம், பயிரின் பெயர் ஆகியவற்றைப் பார்வையிட்டுத் தவறாது பதியவேண்டும். ஐப்பசி வெள்ளத்தில் பயிர் அழிந்தால் நிவாரணம் கோரும் குடியானவருக்கு அடங்கலே சாட்சி. புன்செய் என்றோ தரிசு என்றோ பொதுப்பட எழுதியிருந்தால், நிலத்தில் பூ அழிந்ததை எவ்விதம் நிரூபிப்பார்? நிலவுடைமையாளரும் நட்ட வாரத்திலேயே தெரிவித்து, பதிவைப் பார்த்துக்கொள்வது கடமை.

மற்றொன்று, தெருவிளக்கு. வயலோரம் புது விளக்கு நிறுத்துகையில் அதன் ஒளி பாதையில் மட்டும் விழுமாறு ஒரு மறைப்புத் தகடு அமைத்தால் பாதசாரிக்கும் நன்மை, பயிருக்கும் நன்மை. விளக்கை அகற்ற இயலாத இடத்தில் குடியானவர் அந்தச் சில பார்களில் செவ்வந்திக்குப் பதில் வேறு பயிர் வைக்கலாம். பம்பு அறைக் கொட்டகையின் விளக்கை இரவெல்லாம் எரியவிடும் வழக்கத்தையும் புரட்டாசி முதல் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

முடிவுரை

சுருங்கக் கூறின், பழகிய இரகம், நோயற்ற தாய்ச்செடியின் கன்று, சித்திரை வைகாசி நடவு, நட்ட நான்காம் வாரத்தில் நுனி கிள்ளுதல், ஐப்பசிக்கு முன் வெட்டிய வடிகால் ஆகிய ஐந்தும் செவ்வந்திக்கு உயிர்நிலைகள். இவற்றில் நான்கு செலவில்லாதவை. ஐந்தாவதற்கு வேண்டியது ஒருநாள் மண்வெட்டி வேலை. சென்ற வருஷம் பூ பொய்த்தவர்கள் பயிரைக் கைவிடுமுன், எந்த மாதத்தில் நட்டோம், யாருடைய கன்றை நட்டோம் என்ற இரண்டு கேள்விகளைத் தம்மையே கேட்டுக்கொள்வார்களாக. விடை பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும். இவ்வருஷம் மார்கழியில் வயலில் இறங்கி நல்ல செடிக்குக் கயிறு கட்டுவதிலிருந்து திருத்தத்தைத் தொடங்கலாம்.